அடியில்லாக் கிணற்றுக்கு அடி முளைத்த கதை

அந்த எடைச் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மொத்த எடை 14,260 கிலோ. வண்டி எடை 5,940. நிகர எடை 8,320. கணக்கில் பிழையில்லை. ஆனால் அடியில், ‘குறிப்பு’ என்று அச்சிட்ட இடத்தில், யாருமே தட்டாத ஒரு வரி: ‘நிலை எடை 13,880’.

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி எடைமேடைகளுக்குத் தூக்கம் கிடையாது. சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர்ப் பக்கமிருந்து தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் மாங்கூழ் ஆலைகளுக்கு வந்தபடி இருக்கும். எங்கள் ஊரில் அந்த மாங்காய்க்குப் பெங்களூரா என்றுதான் பெயர். வண்டி முதலில் பாரத்தோடு மேடையேறும். சரக்கை இறக்கியபின் காலியாக மறுபடி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். அப்படியிருக்க, ஒரே சீட்டில் இரண்டு எடை இருந்தால் என்ன ஆகும்? ஆலைக் கணக்கர் 380 கிலோவைக் கழித்துக்கொள்வேன் என்றார். மண்டிக்காரர் மேடையையே பெயர்த்துவிடுவேன் என்றார். எடைமேடையை நடத்தும் அண்ணா இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னைக் கைப்பேசியில் அழைத்தார்.

“தம்பி, நேற்று நீ வந்து சரிசெய்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகுதான் இப்படி.”

அவர் சொன்னது உண்மை. நேற்று மட்டுமல்ல, அதற்கு முன்பும் தவறு என்னுடையதுதான்.

அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தது நான். எடைகாட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண்கள் வந்துகொண்டே இருக்கும். மேடை காலியாக இருந்தாலும் சுழியம், சுழியம் என்று நிற்காமல் வரும். ஒரு நிரல் அதை வாசித்து, வாசித்ததையெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் சேர்த்து எழுதும். அந்தப் பதிவு வளர்ந்து வன்தட்டை அடைக்கிறது என்று முந்தைய வாரம் புகார் வந்தது. நான் யோசிக்காமல் பதிவுக் கோப்பின் முகவரியை ‘/டெவ்/நல்’ என்று மாற்றிவிட்டேன். அது ஒரு சாதனக் கோப்பு, அதாவது கோப்பு போலத் தெரிந்தாலும் உள்ளே எதையும் சேர்க்காமல் ஒரு சாதனத்துக்கு வாசலாக மட்டும் இருப்பது. லினக்ஸ் பழகியவர்களுக்கு அது அடியில்லாக் கிணறு: எதைப் போட்டாலும் சத்தமின்றி விழுங்கிவிடும், திரும்பக் கேட்டால் ஒன்றும் தராது. வேண்டாததைத் தள்ள அதைவிட வசதியான இடம் இல்லை.

நான் மறந்துபோனது, அதே பதிவுக் கோப்பை வாரம் ஒருமுறை, ஞாயிறு நள்ளிரவில், ‘.1’ என்று பெயர் மாற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கும் இன்னொரு நிரலை. அதுவும் நான் எழுதியதுதான். ரூட் உரிமையில், அதாவது எதையும் மாற்றக்கூடிய நிர்வாகி உரிமையில், ஓடுவது. அது எதையும் கேள்வி கேட்காது. ஞாயிறு இரவு வழக்கம்போல எழுந்து, பதிவுக் கோப்பு எதுவென்று பார்த்து, ‘/டெவ்/நல்’ என்று கண்டு, அதைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உண்டாக்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

திங்கள் காலை ஷிப்ட் மாறியபோது எடை நிரல் எழவே இல்லை. ‘/டெவ்/நல்: அனுமதி மறுக்கப்பட்டது’ என்று ஒரே வரி. நான் போய் ரூட்டாக நுழைந்து ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அண்ணாவின் பயனர் கணக்கில் ஓட்டினேன், ஓடவில்லை. வெளியே ஏழெட்டு வண்டிகள். ‘அனுமதிதானே பிரச்சினை’ என்று, அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எழுதலாம் என்று 666 அனுமதி கொடுத்தேன். எடை நிரல் எழுந்தது. தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த நேரத்தில், கோப்பின் விவரத்தை ஒரு வரியில் காட்டும் ‘எல்எஸ் -எல் /டெவ்/நல்’ கட்டளையை ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால் போதும். அந்த வரியின் முதல் எழுத்தே கதையைச் சொல்லியிருக்கும். சாதாரணக் கோப்பு என்றால் முதலில் ஒரு சிறு கோடு இருக்கும். எழுத்துச் சாதனம் என்றால் ஆங்கில ‘சி’. தொகுதிச் சாதனம் என்றால் ‘பி’. இந்த இரண்டு வகைக்கும் விளக்கம் பின்னால் வருகிறது. நான் அனுமதி எழுத்துகளை மட்டும் பார்த்தேன். அவற்றுக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்தைப் பார்க்கவில்லை. அனுமதிப் பிழை வந்தவுடன் அனுமதியைத் திறந்துவிடுவது இந்தத் தொழிலில் பலருக்கும் இருக்கும் கைப்பழக்கம். எனக்கு அன்றோடு விட்டது.

செவ்வாய்க்கிழமை போய் அதைத் தட்டியபோது கோடுதான் இருந்தது. அளவு 4,112 பைட். மறுபடி தட்டினேன்: 11,040. இன்னொரு முறை: 0. கிணற்றின் நீர்மட்டம் என் கண்ணெதிரே ஏறி இறங்கியது. எடை வாசிக்கும் நிரல் அதில் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது ஒரு நிரல் ஒற்றை ‘>’ குறியோடு (வெளியீட்டைக் கோப்பில் கொட்டச் சொல்லும் குறி) அதற்குள் எழுத வந்தால், கோப்பு முழுவதும் துடைக்கப்பட்டு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். சீட்டு அச்சிடும் நிரலோ, குறிப்பு எதுவும் இல்லையென்றால், குறிப்பை ‘/டெவ்/நல்’லிலிருந்து வாசிக்கும்படி எழுதப்பட்டது. முழுவதையும் வாசித்துவிட்டு முதல் இரண்டு வரியை அச்சிடும். கிணறு சரியாக இருந்தவரை அங்கே ஒன்றும் கிடைக்காது, குறிப்பும் காலியாக இருக்கும். இப்போது கிணற்றுக்கு அடி முளைத்துவிட்டது. முந்தைய வண்டியின் எடை அடியில் தங்கி, அடுத்த வண்டியின் சீட்டில் ஏறியது.

யாரும் இடையில் துடைக்காத கணினியாக இருந்திருந்தால் அந்தக் கோப்பு வளர்ந்து கொண்டேயிருந்திருக்கும். ‘/டெவ்’ இருப்பது வன்தட்டில் அல்ல, நினைவகத்தில். வன்தட்டு காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்ற பிழை வந்து ஆளைக் குழப்பும்.

இனி சாதனக் கோப்பைக் கையால் செய்வது எப்படி என்று பார்க்கலாம். கட்டளையின் பெயர் எம்கேநாட். எம், கே, என், ஓ, டி என்று ஐந்தே எழுத்து. அதற்குக் கொடுக்க வேண்டியவை மூன்று: எந்தப் பெயரில், என்ன வகை, எந்த இரண்டு எண்கள். நமக்கு வேண்டியது:

எம்கேநாட் -எம் 666 /டெவ்/நல் சி 1 3

முதல் எண் பெரிய எண். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இதைக் கவனிப்பது என்று அது சொல்கிறது. இரண்டாவது சிறிய எண். அந்த டிரைவரின் கையில் உள்ள பலவற்றில் எது என்று சொல்கிறது. 1 என்பது நினைவகம் சார்ந்த சாதனங்களின் டிரைவர். அவரிடம் 3 கேட்டால் அடியில்லாக் கிணறு. 5 கேட்டால் முடிவில்லாமல் சுழியங்கள். 7 கேட்டால், எதை எழுதினாலும் ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பும் சாதனம்; நிரல்களைச் சோதிப்பதற்காகவே அப்படி ஒன்று இருக்கிறது. 8, 9 இரண்டும் ஒழுங்கற்ற எண்களைத் தருபவை. வாசலில் நிற்கும் லாரி டிரைவர்களை ஒரு வழியாகச் சமாளித்துவிடலாம். கர்னல் டிரைவரிடம் தவறான எண்ணைச் சொன்னால் அவர் முகம் சுளிக்காமல் தவறான சரக்கை ஏற்றி அனுப்பிவிடுவார்.

‘எழுத்துச் சாதனம்’, ‘தொகுதிச் சாதனம்’ என்ற பிரிவை அண்ணாவுக்கு ஆலையைக் காட்டித்தான் விளக்கினேன். மாங்காய் கழுவும் இடத்தில் பெல்ட் ஓடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், போனது திரும்பி வராது. அது எழுத்துச் சாதனம். சீரியல் கேபிள் அப்படித்தான். கிடங்கில் கிரேட்கள் எண்ணிட்டு அடுக்கியிருக்கின்றன; நாற்பதாவது கிரேட் வேண்டுமென்றால் நேரே போய் எடுக்கலாம். அது தொகுதிச் சாதனம்; வன்தட்டு அப்படி. அவர் தலையாட்டிவிட்டு, “சரி, வண்டி எப்போது விடலாம்?” என்றார்.

இரவு பத்து மணிக்குமேல் வண்டிகள் குறைந்த நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். போலிக் கோப்பை அழித்தேன். எம்கேநாட் தட்டினேன். ‘அப்படியொரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது’ என்றது. அழித்தேனே! மறுபடி அழித்தேன், தட்டினேன், அதே பதில். விஷயம் இதுதான்: நான் அழித்த நொடிக்கும் புதிதாகச் செய்யும் நொடிக்கும் இடையில், ரூட்டாக ஓடும் ஏதோ ஒரு நிரல் ‘> /டெவ்/நல்’ என்று வருகிறது. அந்தப் பெயரில் ஒன்றும் இல்லையென்றால், கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் தானே ஒரு சாதாரணக் கோப்பை உண்டாக்கிவிடும். நாற்காலியை விட்டு எழுந்ததும் வேறொருவர் உட்கார்ந்துவிடுவது போல.

இதற்கு வழி, இடத்தைக் காலி செய்யாமலே மாற்றுவது. வேறு பெயரில் சாதனக் கோப்பைச் செய்ய வேண்டும், ‘/டெவ்/நல்.புதிது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெயர் மாற்றும் எம்வி கட்டளையால் அதை ‘/டெவ்/நல்’லின் மேல் நகர்த்த வேண்டும். ஒரே அடைவுக்குள் (கோப்புறைக்குள்) பெயர் மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடும். இடையில் யாரும் நுழைய முடியாது. அப்படியே செய்தேன். ‘எல்எஸ்’ தட்டினேன். முதல் எழுத்து ‘சி’. எழுதிப் பார்த்தேன், விழுங்கியது. எழுந்தேன்.

அடுத்த வண்டிக்குச் சீட்டு வரவில்லை. கணினியின் விசிறி மட்டும் மாவரைக்கும் இயந்திரம் போல இரைந்தது.

அவசரத்தில் 3 என்பதற்குப் பதில் 5 என்று தட்டியிருந்தேன். முந்தைய வாரம் முழுவதும் பழைய வன்தட்டுகளைச் சுழியம் எழுதி அழித்துக்கொண்டிருந்ததில் கைக்கு 1, 5 பழகிவிட்டது. இந்தத் தவறின் கொடுமை என்னவென்றால், எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சுழியச் சாதனமும் போட்டதையெல்லாம் விழுங்கும். வாசிக்கும்போதுதான் தெரியும். கிணறு ‘முடிந்தது’ என்று உடனே சொல்லிவிடும். இது சுழியங்களை வாரி வாரிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குறிப்பின் முடிவைத் தேடி எங்கள் சீட்டு நிரல் சுழியக் கடலில் நீந்திக்கொண்டிருந்தது. கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளையை, ‘கேட் /டெவ்/நல்’ என்று தட்டிப் பார்த்தேன். திரை அப்படியே நின்றது. உடனே திரும்ப வர வேண்டும், வரவில்லை. பைட்டுகளை எண்களாகக் காட்டும் ‘ஓடி’ கட்டளையால் பார்த்தபோது ஒரு வரி நிறையச் சுழியங்கள், அடுத்த வரியில் ஒரு நட்சத்திரக் குறி, பிறகு அசைவில்லை. மேலே உள்ளதே திரும்பத் திரும்ப வருகிறது என்று அதற்குப் பொருள்.

3 போட்டுத் திரும்பச் செய்தேன். இந்த முறை எழுதியும் பார்த்தேன், வாசித்தும் பார்த்தேன், ரூட்டாகவும் பார்த்தேன், அண்ணாவின் கணக்கிலும் பார்த்தேன். கட்டளையில் ‘-எம் 666’ என்று நான் விடாமல் சேர்ப்பதும் அந்தக் கடைசிச் சோதனைக்காகத்தான். சேர்க்காவிட்டால் வழக்கமான அனுமதி மறைப்பு குறுக்கே வந்து 644 ஆக்கிவிடும். ரூட்டுக்கு எல்லாம் ஓடும், மற்றவர்களுக்கு அனுமதி மறுக்கப்படும். மறுபடி திங்கட்கிழமைக் காலை.

எடை வாசிக்கும் நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஏற்கெனவே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல், பெயர் மாறியதைப் பற்றிக் கவலைப்படாது. அழிக்கப்பட்ட பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அது கையை விடும்வரை அந்த இடமும் விடுபடாது.

எல்லாம் முடிந்து, திருப்தியாக ‘/டெவ்’ அடைவு முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. ‘நல்.1’. முதல் எழுத்து ‘சி’. கோப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில், ‘1, 3’. உண்மையான கிணறு ஞாயிறு இரவிலிருந்து பக்கத்து வீட்டில்தான் குடியிருந்திருக்கிறது. அதற்குள் எழுதினேன், விழுங்கியது. கேட்டேன், ஒன்றும் தரவில்லை. பெயர் மாறியதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமையே பார்த்திருந்தால் எம்கேநாட் வேண்டியதே இல்லை, ஒரு பெயர் மாற்றத்தில் முடிந்திருக்கும்.

சாதனக் கோப்பு எனக்கு அந்த நிமிடத்தில்தான் உள்ளபடி விளங்கியது. வருடக்கணக்காக அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தும், ‘நல்’ என்ற பெயரில்தான் வித்தை இருக்கிறது என்று ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். கர்னல் பெயரைப் பார்ப்பதே இல்லை. வகையையும் இரண்டு எண்களையும்தான் பார்க்கிறது. ‘மாங்காய்’ என்று பெயர் வைத்து ‘சி 1 3’ என்று செய்தாலும் அது அடியில்லாக் கிணறுதான். உங்கள் கணினியில் எந்தப் பெரிய எண் எந்த டிரைவருக்கு என்று அறிய ‘/ப்ராக்/டிவைசஸ்’ கோப்பைப் படித்தால் போதும்.

இதே எண்கள் மறு வருடம் தருமபுரியில் ஒரு புளிக் கிடங்கில் வேறு விதமாகக் காலை வாரின. அங்கே பழைய எடை நிரல் ஒன்று புதிய லினக்ஸில் ஓட மறுத்ததால், பழைய அமைப்பு முழுவதையும் ஒரு அடைவுக்குள் வைத்து, சிஹெச்ரூட் கட்டளையால் அதற்குள்ளே அடைத்து ஓட்டினேன். அந்தக் கூண்டுக்குள் தனி ‘/டெவ்’. அதில் நல், சுழியம், பிறகு தராசு பேசும் யுஎஸ்பி மாற்றிக்கான டிடிஒய்யுஎஸ்பி0 எல்லாம் நானே செய்து வைத்தேன். மாற்றிக்கு எண் ‘சி 188 0’. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பெருக்க வந்த அம்மா கேபிளைப் பிடுங்கி, பயந்துபோய் உடனே செருகிவிட்டார். எடை நிரல் பழைய வாசலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததால் கர்னல் மாற்றிக்கு அடுத்த எண்ணைக் கொடுத்தது: 188, 1. வெளியே டிடிஒய்யுஎஸ்பி1 தானாக முளைத்தது. கூண்டுக்குள் நான் கையால் செய்த 0 அப்படியே இருந்தது, பின்னால் ஆளில்லாத கதவாக. ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்று பிழை. கோப்போ கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கோப்பு இருப்பதும் சாதனம் இருப்பதும் வேறு வேறு.

இப்போது அப்படிக் கூண்டுகளுக்கு வெளியே உள்ள ‘/டெவ்’வையே உள்ளே இணைத்துவிடுகிறேன், ‘மவுண்ட் --பைண்ட்’. மாற்றிக்கு நிலையான பெயர் வேண்டுமென்றால், செருகும் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவ் நிரலுக்கு விதி ஒன்று எழுதி, எந்த எண்ணில் வந்தாலும் ‘தராசு’ என்ற இணைப்பு அதையே காட்டும்படி வைக்கிறேன். உள்ளே ஓடுவதை நம்ப முடியாத கூண்டு என்றால் முழு ‘/டெவ்’வையும் கொடுக்காமல், தேவையான நான்கைந்தை மட்டும் கையால் செய்வேன். குறிப்பாக ‘பி 8 0’, அதாவது முதல் வன்தட்டு, உள்ளே போகவே கூடாது. காப்புநகல் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒருமுறை அதை 666 அனுமதியோடு செய்து வைத்த புத்திசாலியும் நான்தான். அந்தக் கோப்பு இருக்கும் வரை, வன்தட்டில் உள்ள எதையும் எந்தப் பயனரும் படிக்கலாம், எழுதலாம். மற்ற அனுமதிகள் எல்லாம் வெறும் அலங்காரம்.

இன்னொரு சிறு பொறி: கோப்பின் விவரம் சொல்லும் ‘ஸ்டாட்’ கட்டளையில் வடிவம் கொடுத்துக் கேட்டால் இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் (0–9 உடன் ஆங்கில ஏ முதல் எஃப் வரை சேர்ந்த எண்முறை) காட்டும். 188 என்பது ‘பிசி’ (bc) என்று வரும். அதைப் பார்த்துக் கணினியின் பெயரோ என்று நான் ஒரு நிமிடம் விழித்தேன்.

பென் டிரைவில் செய்து எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஃபாட் வடிவமைப்பில் சாதனக் கோப்பு செய்யவே முடியாது. ‘நோடெவ்’ (சாதனக் கோப்புகள் வேலை செய்யக் கூடாது) என்ற விருப்பத்தோடு இணைத்த இடத்தில் செய்யலாம், ஆனால் திறக்கும்போது அனுமதி மறுக்கப்படும், ரூட்டாக இருந்தாலும்.

எடைமேடைக் கதைக்கு ஒரு வால் உண்டு. சீசன் நேரத்தில் அந்தக் கணினியை அணைக்கவே கூடாது என்பது அண்ணாவின் கட்டளை; ஒருமுறை அணைத்து அது இரண்டு நாள் எழாமல் படுத்தியதிலிருந்து வந்த பயம். மாங்காய் ஓய்ந்து, செப்டம்பரில்தான் தைரியமாக அணைத்துத் தூசி தட்டினோம். மறுபடி எழுப்பியதும் ‘/டெவ்’வைப் பார்த்தேன். ‘நல்.1’ இல்லை. அன்றிரவு நான் வியர்த்து வியர்த்துச் செய்ததும் இல்லை. 2009-இல் வந்த 2.6.32 கர்னலிலிருந்தே டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கியிருக்கும் கணினியில், ஒவ்வொரு முறை எழும்போதும் கர்னல் ‘/டெவ்’வை நினைவகத்தில் புதிதாக நிரப்பிக்கொள்ளும். புத்தம் புதிய ‘நல்’ ஒன்று, 1, 3 என்ற எண்களோடு, என் உதவியின்றி அங்கே உட்கார்ந்திருந்தது.

அண்ணாவிடம் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசைமேல் வைத்தார்.

“அப்படியென்றால் அன்றைக்கே ஒருமுறை அணைத்துப் போட்டிருக்கலாமே, தம்பி?”

“நீங்கள்தானே அண்ணா அணைக்கக் கூடாது என்றீர்கள்.”

“நான் சொன்னால்? கணினி படித்தவன் நீயா, நானா?”

அந்த ஞாயிறு இரவு நிரலை நான் திருத்தியது செவ்வாய்க்கிழமை அல்ல, சனிக்கிழமைதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.